திட்டு

பட்டாணிப் பைக்குக் கீழே, பன்றித் தொடைக்கு மேலே
ஐஸ்கிரீம் டப்பா ஆறு.
உள்ளே ஐஸ்கிரீம் இல்லை.
தண்ணீரில் மூழ்கிய துருநிறக் கற்கள்,
சில உருளைக்கிழங்கு அளவு, சில ஆட்டுக்கண் அளவு.
உறைய ஒரு வாரம், உருக ஒரு நாள்,
மறுபடி உறைய ஒரு வாரம்.
சுத்தியலைத் தொடாதே என்பான் வெர்னன் பார்ட்கஸ்.
சுத்தியல் அடித்தால் கல் தன் இஷ்டத்துக்கு உடையும்,
பனி அடித்தால்
உள்ளே இருப்பதன் இஷ்டத்துக்கு.

இலினாயில், மூடிப்போன சுரங்கத்தின் கழிவு மேடு.
கரிக்காகத் தோண்டியவர்கள்
வேண்டாம் என்று கொட்டிவிட்டுப் போனதை
மார்ச் வந்ததும் பொறுக்கப் போவோம்,
சட்டைப்பையில் அனுமதிச் சீட்டு,
காலுறைக்குள் உண்ணி.
நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
பிள்ளைகளைப் பின்கண்ணாடியில்
இடம் வலமாகப் பார்த்தே பழகியவள்.
வெர்னனுக்குக் குழாய் ரிப்பேர்.
கல்லைக் காதருகே வைத்துத் தட்டிப் பார்ப்பான்,
எங்கே ஒழுகுகிறது என்று கேட்பதுபோல.

பெரணி என்றால் எளிது, நரம்பு காட்டிக்கொடுக்கும்.
இறாலுக்கு மீசை.
ஒன்றை மட்டும் நான் புழு என்றேன், அவன் வேர் என்றான்,
மூன்று குளிர்காலம் சண்டை.
கடைசியில் அருங்காட்சியகத்து அம்மாளுக்கு
அஞ்சலில் அனுப்பினோம்.
ஒரே வரியில் பதில் வந்தது:
புழு இல்லை, வேர் இல்லை. புழு போன வழி.
போனது யார் என்று தெரியாமல்
போன வழிக்கு மட்டும் ஒரு பெயர்.

பத்தில் ஏழு கல்லுக்குள் ஒன்றுமே இருக்காது.
ஏதோ ஒன்று அழுகியதால்தான்
அதைச் சுற்றிக் கல்லே திரண்டதாம்.
திரண்டது தங்கிவிட்டது, அழுகியது போய்விட்டது.

மீதி மூன்றில் இரண்டு, திட்டு.
அப்படித்தான் சொல்வோம். வடிவம் இல்லை, விளிம்பு இல்லை,
சிந்திய கஞ்சி காய்ந்த மாதிரி.
ஜெல்லிமீன் என்று புத்தகத்தில் போட்டிருந்தது.
ஜெல்லிமீனோ என்னவோ,
டப்பாவைத் திறந்ததும் "மறுபடி நீயா?" என்று
திட்டு வாங்கும் திட்டு.
பத்தொன்பது வருடம் வாளி வாளியாக
வீட்டுப் பாதையின் பள்ளத்தில் கொட்டினேன்.
டுவெய்னின் லாரி ஏறி ஏறி
நன்றாக இறுகியிருந்தது.

அந்த மார்ச்சில், இரவு பத்து மணிக்கு, வெர்னன்.
ஹலோ கூட இல்லை.
"திருப்பிப் பிடி" என்றான்.
"எதை?"
"திட்டை."
யாரோ படித்தவர்கள் தலைகீழாக்கிப் பார்த்திருக்கிறார்கள்.
குடை என்று நாம் நினைத்தது கால்,
சேற்றுக்குள் புதைந்து நின்ற கால்.
தொங்கும் பாவாடை என்று நினைத்தது உடம்பு.
ஜெல்லிமீன் இல்லை, கடல் சாமந்தி.
எங்கும் மிதந்து போகவில்லை,
இருந்த இடத்திலேயே வேரூன்றி
வாயை மேலே வைத்துக் காத்திருந்தது.

டார்ச்சோடு வெளியே போனேன்,
இரவு உடுப்பின் மேல் மழைக்கோட்டு.
முதல் கல் பொடி. இரண்டாவது பாதி.
லாரிச் சக்கரம் படாத நடுமேட்டில்
ஒன்று முழுசாகக் கிடைத்தது.
கழுவி, மேல்கீழாகத் திருப்பினேன்.
அதே திட்டு. அதே கஞ்சி.
ஆனால் இப்போது அது நின்றது.

விடிவதற்குள் முப்பத்தெட்டு.
சமையலறை ஜன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்தேன்.
எல்லோருக்கும் கால் கீழே.

டுவெய்ன் காபியோடு வந்து நின்றார்.
"இதுகளைத்தானே வேண்டாம் என்றாய்?"
"ஆமாம்."
"இப்போது?"
"பக்கம் தப்பாகப் பார்த்துவிட்டேன்."
கேட்டுக்கொண்டார். மீன் வைக்க
உறைபெட்டியில் இடம் இருக்கிறதா என்றார்.
இல்லை என்றேன்.
போகிற போக்கில் ஒன்றை எடுத்தார்,
வெளிச்சத்தில் பிடித்தார்,
பழையபடி தலைகீழாக வைத்தார்.
"எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது" என்றார்.
"மிதக்கிற மாதிரி."